ஆலிவ் ஆயில் ஊத்தினா ஃபேட்டி லிவர் கரையுமா?

போன செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்குப் போனேன். சமையலறையில் கடலை எண்ணெய் கேனுக்குப் பக்கத்தில் புதுசா ஒரு கண்ணாடி பாட்டில். ஆலிவ் ஆயில்! அப்பாவுக்கு ஸ்கேன் எடுத்ததில் கிரேடு 1 ஃபேட்டி லிவர்னு வந்திருக்கு. "நான் குடிக்கிறதே இல்லையே, எனக்கு எப்படி?"ன்னு அப்பாவுக்குக் குழப்பம். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பார்த்துட்டு அம்மா பாட்டிலை வாங்கிட்டாங்க. நாலு தோசை, அது மேல ஒரு ஸ்பூன் ஆலிவ் ஆயில், அப்புறம் சர்க்கரை போட்ட காபி. வைத்தியம் நடக்குது!

சிரிக்காதீங்க, உங்க வீட்டுக்கும் இந்த பாட்டில் வரலாம்.

ஆலிவ் ஆயில் நல்ல எண்ணெய்தான். அதில் சுமார் 70 சதவீதம் ஒலிக் அமிலம் என்ற நல்ல கொழுப்பு. கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின் பக்கத்து பாரம்பரிய உணவுமுறையை ஃபேட்டி லிவருக்கு டாக்டர்கள் பரிந்துரைப்பதும் உண்மை. ஆனால் அந்தச் சாப்பாட்டில் வெண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் ஆலிவ் ஆயில் இருக்கு. கூடவே நிறைய காய்கறி, பயறு, மீன், கொட்டைகள். நாம அந்தத் தட்டை விட்டுட்டு பாட்டிலை மட்டும் தூக்கிட்டு வந்துட்டோம்.

தேவைக்கு மேல போகிற மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரலே கொழுப்பா மாத்துது. அதனால்தான் குடிக்காதவங்களுக்கும் இது வருது. மலை மாதிரி சோறு அப்படியே இருக்க, எண்ணெயை மட்டும் கூட்டினால் என்ன ஆகும்? எந்த எண்ணெயா இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரி. ஒரு டேபிள்ஸ்பூனுக்கு ஏறக்குறைய 120. 'லைட்'னு போட்ட பாட்டிலிலும் அதே கணக்குதான். அந்தப் பெயர் நிறத்துக்கும் சுவைக்கும்தான். கெமிக்கல் பசங்க படிக்கிற மாஸ் பேலன்ஸ்தாங்க இது: உள்ளே போவது வெளியே போவதைவிட அதிகமானால் மிச்சம் உள்ளேயே தங்கும்.

இன்னொண்ணு. நம்ம கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அதே ஒலிக் அமிலம் சுமார் 40 சதவீதம் இருக்கு. பல மடங்கு விலை கொடுத்துத்தான் அதை வாங்கணும்னு இல்லை.

உண்மையில் வேலை செய்வது கொஞ்சம் போரான விஷயம். எடை அதிகமா இருப்பவங்களுக்கு உடல் எடையில் 5 சதவீதம் குறைஞ்சாலே கல்லீரல் கொழுப்பு குறையுது. 7 முதல் 10 சதவீதம் குறைஞ்சால் கல்லீரல் வீக்கமும் குறைய வாய்ப்பு இருக்கு. 80 கிலோ ஆளுக்கு அந்த முதல் படி 4 கிலோ. இதை எந்தக் கடையிலும் பாட்டிலில் விற்க முடியாது. அதனாலேயே இதுக்கு விளம்பரமும் இல்லை.

நமக்கும் இதில் பங்கு இருக்கு. ராத்திரி பதினொரு மணிக்கு பரோட்டா, கூட ஒரு கூல்டிரிங்க்ஸ், பகல் முழுக்க லேப்டாப் முன்னாடி. ஃபேட்டி லிவர் பெரும்பாலும் வலிக்காது, சொல்லிட்டும் வராது.

அந்த பாட்டில் தீர்ந்ததும் இன்னொண்ணு வேண்டாம், அந்தக் காசுக்குக் கீரையும் சுண்டலும் வாங்குங்கன்னு அம்மாகிட்ட சொன்னேன். "நீ என்ன டாக்டரா?"ன்னு கேட்டாங்க. இல்லைதான். ஆனா லீவு முடியும் வரை தினமும் சாயந்திரம் அப்பாவை நடக்கக் கூட்டிட்டுப் போனேன். இப்போ தனியா போறாரான்னு போனில் கேட்டுட்டே இருக்கேன். நீங்களும் இன்னிக்கு வீட்டுக்குப் பேசும்போது ஒரு வார்த்தை கேளுங்களேன்.