கறுப்பு கன்டென்சர் தந்த பாடம்

முப்பது வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மின்தேக்கி பாடம் நடத்தியவன் நான். ரிட்டயர் ஆன பிறகு, என் வீட்டு போர்வெல் மோட்டார் பெட்டிக்குள் இருந்தது எந்த வகை மின்தேக்கி என்று எனக்கே தெரியவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நாலு பேருக்கு உதவுமே.

போன சித்திரையில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. பேனல் பெட்டியைத் திறந்தால் உள்ளே இரண்டு கன்டென்சர்கள். கறுப்பு நன்றாக இருந்தது. இன்னொன்று அலுமினிய டப்பா. தலை உப்பி, எழுத்தெல்லாம் கருகி, "36" மட்டும் தெரிந்தது. கடையில் காட்டினேன். "36 இல்ல சார், 40-60 இருக்கு, ஓடும்" என்று பையன் கறுப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தான். மதிப்பு கிட்டத்தட்ட சரிதானே என்று நானும் தலையாட்டினேன். மாட்டி ஓடவிட்ட கால் மணி நேரத்தில் பட்டாசு போல வெடித்தது. என் பேரன் அப்போதுதான் அங்கிருந்து நகர்ந்திருந்தான்.

பையன் மேல் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் தப்பு என்னுடையதும்தான். எத்தனை மைக்ரோஃபாரட் என்று மட்டும் பார்த்தேன். எவ்வளவு நேரம் கரண்டில் இருக்கப்போகிறது என்று பார்க்கவில்லை.

ஸ்டார்ட் கன்டென்சர் பெரும்பாலும் கறுப்பு உருளை. "40-60", "100-120" என்று இரண்டு எண் போட்டிருக்கும். மோட்டார் கிளம்புகிற ஓரிரு விநாடிதான் அதற்கு வேலை. பிறகு இணைப்பு விடுபட்டுவிடும். தொடர்ந்து கரண்டில் இருந்தால் சூடேறி வெடிக்கும். ரன் கன்டென்சர், மோட்டார் ஓடும்வரை கூடவே இருப்பது. அதில் ஒரே எண், பக்கத்தில் கூட்டல் கழித்தல் 5 சதவீதம், 440 வோல்ட் ஏ.சி. என்று இருக்கும். நம் சீலிங் ஃபேனில் இருக்கும் 2.5 இந்த வகைதான். அதுவும் சில சமயம் கறுப்பாகவே வரும். ஆகவே நிறத்தை நம்பாமல் எழுத்தைப் படியுங்கள்.

எழுத்து அழிந்திருந்தால் பேனல் மூடியின் உள்ளே ஒட்டிய தாளையோ, மோட்டாரோடு வந்த புத்தகத்தையோ பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் மோட்டார் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஒரு நாள் லாரித் தண்ணீர் வாங்கினாலும் பரவாயில்லை, கண்ணளவில் மட்டும் வாங்காதீர்கள்.

என் கருத்து இதுதான்: மோட்டார் மாட்டுகிற ஒவ்வொரு மெக்கானிக்கும் இந்த எண்களை மூடியின் உள்பக்கம் எழுதிவிட்டுத்தான் கூலி வாங்க வேண்டும். எழுதாவிட்டால் நாம் கேட்க வேண்டும். என் பெட்டியில் இப்போது மார்க்கரால் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: "ஸ்டார்ட் 100-120. ரன் 36, 440 வோல்ட்."

இன்னொன்று. மெயினை நிறுத்தினாலும் கன்டென்சரில் சார்ஜ் நிற்கும், அதை இறக்காமல் கை வைக்காதீர்கள். இதை மட்டும் அன்றைக்கே வகுப்பில் சரியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்!