லைக் போட்டவங்க வகுப்புக்கு வரலையே!

மும்பைல வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு 11 மாச அக்ரிமெண்ட் பத்தி நான் பாடம் எடுக்க வேண்டாம். ஓனர் சொன்னா காலி பண்ண வேண்டியதுதான். ஃபேஸ்புக்கும் அப்படித்தான் மக்களே. ஆர்குட்டை 2014 செப்டம்பர்ல மூடினாங்க. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல்ல போச்சு. 2020 ஜூன்ல டிக்டாக்குக்கு இந்தியாவில தடை. அங்க சேர்த்த கூட்டமெல்லாம் இப்ப எங்கே?

சயான்ல எங்க சொசைட்டில ஞாயிறு தமிழ் வகுப்பு ஆரம்பிச்சோம். "அதான் ஃபேஸ்புக்ல போட்டாச்சே"ன்னு கமிட்டில கையைக் கழுவிட்டாங்க. லைக் 140. வந்த பிள்ளைங்க 3. அதுல ஒண்ணு என் பொண்ணு!

அடுத்த வாரம் மாவுக்கடை, மாட்டுங்கா காப்பிப்பொடிக் கடை, கோயில் வாசல்னு கேட்டு நோட்டீஸ் ஒட்டினேன். விசாரிச்ச அம்மாக்களோட நம்பரை ஒரு டைரில எழுதிவச்சு, சனிக்கிழமை ராத்திரி ஒவ்வொருத்தருக்கா போன் போட்டேன். 17 பிள்ளைங்க வந்தாங்க.

"இந்தக் காலத்துல நோட்டீஸா?"ன்னு சிரிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ஃபேஸ்புக்ல போடறது தப்பில்லை, அதோட நிறுத்தறதுதான் தப்பு. அந்த டைரி எங்க சொந்த வீடு. அதை யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாது. பிள்ளைங்க தமிழ் படிக்கணும்னா லைக்கை எண்ணாதீங்க சாமி, படியேறிப் போய்க் கதவைத் தட்டுங்க!