கடலோரத்தில் ஸ்ட்ராபெரி நடலாமா?

கேள்வி: ஊட்டியில் வாங்கிய ஸ்ட்ராபெரி நாற்றுகள் தொட்டியில் உள்ளன. பனிக்காலத்தில் எப்படிக் காப்பது? அரை ஏக்கரில் நடலாமா?
– வாசகர், திருக்கழுக்குன்றம்

பதில்: ஸ்ட்ராபெரி நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிக்கு ஏற்ற பயிர். செங்கல்பட்டு மாவட்டத்தில் மார்கழிப் பனி அதைக் கொல்லாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையும், உப்புத் தண்ணீரும், பங்குனி வெயிலும்தான் கொல்லும்.

மழை விடும்வரை தொட்டிகளைக் கூரையோரம் வெளிச்சத்தில் வைக்கவும். செடியின் குருத்து மண்ணில் புதைந்தால் அழுகிவிடும். தொட்டியின் அடித்துளை அடையக்கூடாது. மார்கழி முதல் மாசி வரை வெயிலில் வைத்து, மண்மேல் வைக்கோல் பரப்பி, காலையில் வேரடியில் மட்டும் தண்ணீர் விடவும். இலை, பழம் நனைந்தே இருந்தால் பழம் சாம்பல் பூத்து அழுகும். பக்கக்கொடி ஓடினால் கிள்ளிவிடவும். மாமல்லபுரம் பக்கம் கிணற்று நீர் உப்பாக இருந்தால் இலையோரம் கருகும்; சேமித்த மழைநீரை விடவும்.

அரை ஏக்கரில் நட வேண்டாம். நன்றாகப் பூப்பதற்கு இரவுக் குளிர் தேவை. இங்கு தை மாதத்திலும் இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். நாலு பழம் கிடைக்கும்; போட்ட பணம் திரும்பாது. அந்த நிலத்தில் மழை ஓய்ந்ததும், மதுராந்தகம், செய்யூர் விவசாயிகளைப் போல் தர்பூசணி போடலாம். ஸ்ட்ராபெரி, வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தொட்டியில் இருக்கட்டும்.