களப்புக்கு வரும் விருந்தாளி

மாரி காலத்தில் நம் களப்போரச் சேற்றில், அலகு வளைந்த சிறிய உள்ளான் குருவிகளைக் கண்டிருப்பீர்கள், சகோதரிகளே. அவை குஞ்சு பொரிப்பது சைபீரியாவின் வடகோடியில், தைமிர் பனிநிலத்தில். அங்கு கோடை இரண்டு மாதமளவே. பனி உருகப் பிந்தினால் தரையில் கூடு வைக்க இடமில்லை. குளிர் வாட்டினால் குஞ்சுகளுக்குப் பூச்சி கிடைக்காது.

இன்னொரு விந்தை கேளுங்கள். லெம்மிங் என்னும் எலி பெருகிய ஆண்டில் பனிநரி அதைத் தின்று வயிறு நிறைக்கும். எலி அருகினால் நரி கூடுகளைத் தேடும். இட்ட நான்கு முட்டையில் ஒன்றும் மிஞ்சாது போகலாம். அந்த ஆண்டு இங்கு வரும் இளங்குருவிகளும் குறையும். 2024இல் இவ்வினம் உலகச் செம்பட்டியலில் அழியும் ஆபத்துள்ளதாகக் குறிக்கப்பட்டது.

பனிக்கும் நரிக்கும் தப்பி, 7000 கிலோமீற்றருக்கு மேல் பறந்து வந்த விருந்தாளி மீது நம் பிள்ளைகளின் கல் படலாமா? சொல்லி வையுங்கள்.