பங்குனியில் ஓய்வு வயலுக்கு மட்டும்தான்

சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் போரும் போட்டாயிற்று. கோடை உழவு போட ஒரு மழை பெய்ய வேண்டும். "இப்போ என்ன வேலை, சும்மாதான் இருக்கோம்" என்று டீக்கடையில் பேசிக்கொள்ளும் மாதம் பங்குனி. அப்படிச் சொல்பவர்களில் நீங்களும் ஒருவர் என்றால், ஒரே ஒரு நாள் உங்கள் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து பாருங்கள். விடிவதற்கு முன் சாணம் அள்ளி, பால் கறந்து சொசைட்டிக்கு அனுப்பி, பிள்ளைகளைப் பரீட்சைக்குக் கிளப்பிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் உளுந்தைக் காயப் போட்டு, வற்றலைக் காக்கையிடமிருந்து காப்பாற்றி, மதியம் முழுவதும் புளி தட்டிக்கொண்டிருப்பது யார் என்று தெரியும்.

இதெல்லாம் "வீட்டு வேலை" என்ற பெயரில் கணக்குக்கு வராமலே போகிறது. நாம் இதை விவசாயம் என்கிறோம். அடுத்த பட்டத்துக்கான விதையும், ஆடி வரை வீட்டுச் செலவுக்கான சில்லறைப் பணமும் இந்த இரண்டு மாதங்களில் கொல்லையில்தான் தயாராகின்றன. கவனம் தவறினால் நட்டமும் இங்கேதான்.

கோழியை எடுத்துக்கொள்வோம். பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி வளர்க்கும் வீட்டில், ஸ்கூல் நோட்டும் மருந்துச் செலவும் அவற்றை விற்றுத்தான் நடக்கும். கோடை தொடங்கும்போது வெள்ளைக்கழிச்சல் வந்தால் அத்தனையும் ஒரு வாரத்தில் போய்விடும். கோழி உறங்கி நிற்கும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். வந்த பிறகு மருந்து இல்லை, தடுப்பூசி மட்டுமே வழி. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கையின் அடியில் ஊசி. தடுப்பூசிக்கு ஒரு வாரம் முன்பாகக் குடற்புழு நீக்கம் செய்துவிட்டால் பலன் கூடும். நோய் கண்ட கோழிக்குப் போடக் கூடாது.

கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இதற்காக இரண்டு வார முகாம் நடத்துகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பல ஊர்களில் முகாம் காலை பத்து மணிக்கு மேல்தான் தொடங்குகிறது. அந்நேரம் கோழி குப்பைமேட்டில் இருக்கும், அதை வளர்க்கும் பெண் நூறு நாள் வேலையில் இருப்பார். பிடிக்கக் கோழியும் இல்லை, பிடித்துக் கொடுக்க ஆளும் இல்லை. பனிக்கட்டியிலிருந்து எடுத்துக் கலக்கிய மருந்தோ இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்தாக வேண்டும். கோழி கூண்டு திறக்கும் முன்போ, பொழுது சாய்ந்து அடைந்த பிறகோ போனால் ஒரு தெருவை அரை மணியில் முடித்துவிடலாம். களப்பணியாளர்களின் அலுவல் நேரம் இதற்கு இடம் கொடுக்காது என்பது நமக்குத் தெரியும். அந்த இரண்டு வாரத்துக்கு மட்டுமாவது நேரத்தை மாற்றிக்கொள்ள மேலிடம் அனுமதிக்க வேண்டும். பிப்ரவரியில் தவறவிட்டவர்கள் இப்போதே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

அடுத்தது உளுந்து. டெல்டாவில் நெல் தரிசில் விதைத்த பயறு இப்போது களத்துக்கு வருகிறது. வியாபாரி அளந்து எடுத்தது போக, விதைக்கு என்று ஒதுக்கியதைக் காப்பது வீட்டம்மாவின் பொறுப்பாகிவிடும். பயறு வண்டு வயலிலேயே காயின் மேல் முட்டையிட்டுவிடுகிறது. அதனால் டின்னை எவ்வளவு இறுக்கி மூடினாலும் பூச்சி உள்ளேயேதான் இருக்கும். நன்றாகக் காய வேண்டும். பல்லில் வைத்துக் கடித்தால் நசுங்காமல் டக்கென்று உடைய வேண்டும். பிறகு 100 கிலோ விதைக்கு 1 கிலோ வீதம் செறிவூட்டப்பட்ட களிமண் தூளைக் கலந்து வைக்கலாம். சாப்பாட்டுக்கு உள்ளதை உடைத்துப் பருப்பாக வைத்துவிடுங்கள், உடைத்ததை வண்டு அவ்வளவாக நாடுவதில்லை. அந்தக் காலத்துப் பாட்டிமார் உடைத்து வைத்ததற்குக் காரணம் இருந்தது. இந்த விவரங்களை எல்லாம் பயிற்சிக் கூட்டத்தில் சொல்கிறார்கள். அங்கே போய் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டு வருவது நீங்கள். விதையைக் காய வைப்பவருக்கு அந்தச் சேதி வந்து சேர்கிறதா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இது புளிக்காலம். ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை நீக்கும் வேலை வீடு வீடாக நடக்கும். கூலிக்குத் தட்டுபவர்களுக்கு எடைக்குத்தான் பணம் என்பதால் வீட்டில் உள்ள அத்தனை கையும் அதில் இறங்கும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வு எழுதும் பெண் பிள்ளையும் இறங்குவதுதான் நமக்கு உறுத்துகிறது. பையனுக்குப் படிக்கத் தனி இடம் கொடுக்கும் வீட்டில்கூடப் பெண்ணின் கையில் புளி உருண்டை இருக்கிறது. தேர்வு முடியும் வரை அவளுடைய பங்கை நீங்கள் தட்டுங்கள். வயலில் வேலை இல்லை என்றுதானே சொன்னீர்கள்?

தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. குளியல், பாத்திரம் கழுவும் தண்ணீரைத் தெருவில் விடாமல், கல்வாழை நட்ட சிறு வாய்க்கால் வழியாக வாழைக்கும் முருங்கைக்கும் திருப்பிவிட்டால் கோடை முழுவதும் கொல்லை பச்சையாக இருக்கும். மண்வெட்டி பிடிப்பவருக்கு ஒரு நாள் வேலை.

இவ்வளவு வேலை பார்ப்பவர் அரசுப் பதிவேட்டில் பெரும்பாலும் விவசாயி இல்லை. பட்டா மாமனார் பேரிலோ கணவர் பேரிலோ இருக்கும். பி.எம். கிசான் தொகை ஆண்டுக்கு 6,000 ரூபாயும் அந்தப் பேருக்குத்தான் வருகிறது. மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் திருத்தியது, நாடு முழுவதற்கும் 2005-ல் வந்தது. ஆனால் சட்டம் வந்த வேகத்தில் பட்டா மாறவில்லை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பட்டா மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வழி உண்டு. 2018-19 மத்திய பட்ஜெட்டில் கிசான் கடன் அட்டை கால்நடை வளர்ப்போருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. மாடு, ஆடு, கோழி வளர்ப்பவர்கள் தனியாகவோ சுயஉதவிக் குழுவாகவோ விண்ணப்பிக்கலாம். கொட்டகை சொந்தமாகவோ வாடகைக்கோ இருந்தால் போதும். தீவனத்துக்கும் மருந்துக்கும் கந்து வட்டிக்குக் கை நீட்டாமல் இருக்க இது உதவும். வங்கிக்குப் போகும்போது உங்கள் மனைவியையும் அழைத்துப் போங்கள். விண்ணப்பத்தில் அவர் பேரை எழுதுங்கள், கடன் தொகையும் அவர் கணக்கிலேயே வரட்டும். ஆடு கோழிக்கு என்ன செலவு, என்ன வரவு என்று மேலாளர் கேட்டால் பதில் சொல்லக் கூடியவரும் அவர்தான்.