கேட்டு விற்பதே வியாபாரம்

அமெரிக்க ஏரிகளில் பாஸ் மீன் பிடிப்போர், 'ஜிக்' எனும் ஈயத்தலைத் தூண்டிலில் மென்பிளாஸ்டிக் வால் ஒன்றைக் கோர்ப்பார்கள். 1949-இல் ஒஹாயோ மாநிலத்தில் நிக் க்ரீம் வார்த்த பிளாஸ்டிக் புழுவின் வழிவந்த சரக்கு இது. இன்று நிறமும் வடிவமும் ஏராளம். அத்தனையும் வாங்கி அடுக்கினால் முதல் முடங்கும்.

விவரமறிந்த கடைக்காரர் முதலில் தண்ணீரைப் பற்றிக் கேட்பார். குளிர்ந்த நீரில் மீன் மந்தம். அதற்கு அசைவு குறைந்த வால். வெதுவெதுப்பான நீருக்குப் படபடக்கும் வால். கலங்கலுக்குக் கறுப்பு, நீலம். தெளிந்த நீருக்குப் பச்சை, பழுப்பு. மீனோடு திரும்பியவர் மறுபடி அந்தக் கடைக்கே வருவார். தேங்கிய சரக்கைத் தலையில் கட்டினால் ஒருநாள் லாபம், வாடிக்கை போய்விடும்.

மளிகைக்கும் இதே நியாயம்தான். பெரிய அங்காடிகள் சரக்கைக் காட்டும். தேவையைக் கேட்டுக் கொடுப்பது நம்மால்தான் முடியும். அதை நாம் கைவிடலாகாது.