பயிரின் காவலும் ஒரே ரகச் சாகுபடியும்

தன்னையும் பிறிதையும் பகுத்தறிதல் உயிருள்ளவை எல்லாவற்றுக்கும் பொதுவான குணமாகும். மனிதனுடைய இரத்தத்தில் இக்காவலுக்கென்றே தனி அணுக்கள் உண்டு. நெற்பயிருக்கு இரத்தமும் இல்லை. ஓடித் திரியும் காவல் அணுக்களும் இல்லை. ஆயினும் அதன் ஒவ்வோர் அணுவும் தனக்குத் தானே காவலாக நிற்கின்றது. இக்காவல் நடைபெறும் விதத்தை அறிந்தால், ஒரு கிராமம் பூராவும் ஒரே ரகத்தைப் பயிரிடுவது எத்துணை அபாயமானது என்பது விளங்கும்.

குலை நோயை விளைவிக்கும் பூஞ்சணத்தின் சுவரில் கைட்டின் என்னும் பொருள் உண்டு. நெற்பயிரின் உடலில் அப்பொருள் கிடையாது. ஆகவே கைட்டின் துணுக்குகள் தென்பட்ட மாத்திரத்தில் அந்நியன் வந்ததைப் பயிர் உணர்ந்துகொள்ளுகின்றது. இம்முதற் காவலை மயக்கிப் பூஞ்சணம் உள்ளே நுழையுமாயின், எதிர்ப்புச் சக்தியுள்ள ரகங்களில் இரண்டாவது காவல் ஒன்று உண்டு. பூஞ்சணம் உட்செலுத்தும் பொருள்களுள் ஒன்றை அடையாளமாகக் கொண்டு, தாக்குண்ட அணுக்கள் தாமே மடிந்துபோகின்றன. மேலே பரவ வழியின்றிப் பூஞ்சணம் அவ்விடத்திலேயே அடங்குகின்றது. அத்தகைய ரகத்தின் இலையில் காணும் ஊசிமுனை போன்ற பழுப்புப் புள்ளி இவ்வெற்றியின் தழும்பேயாகும்.

ஆனால் இவ்விரண்டாவது காவல் அறிந்தது பெரும்பாலும் ஓர் அடையாளத்தை மட்டுமே. அமெரிக்காவில் ஆளிச் செடியையும் அதன் துரு நோயையும் ஆராய்ந்த எச். எச். ஃப்ளோர் என்பவர், செடியிலுள்ள எதிர்ப்புக் காரணி ஒவ்வொன்றுக்கும் நேரான காரணி ஒன்று பூஞ்சணத்திலும் உண்டென்பதை 1940-களில் எடுத்துக்காட்டினார். அக்காரணியை மாற்றிக்கொண்ட பூஞ்சணம் செடிக்குப் புலப்படுவதில்லை. ஊர் முழுவதும் ஒரே ரகம் இருக்குமாயின், ஒரு வயலின் காவலை வென்ற பூஞ்சணம் எல்லா வயல்களின் காவலையும் வென்றதாகின்றது.

இதற்கு மாற்று வழி பரீட்சிக்கப்பட்டுள்ளது. சீன தேசத்து யூனான் மாகாணத்தில் 1998, 1999 ஆகிய ஆண்டுகளில், குலை நோய்க்கு எளிதில் இரையாகும் பசை நெல்லை, எதிர்ப்புச் சக்தியுள்ள வீரிய ஒட்டு நெல்லின் வரிசைகளுக்கிடையே நட்டனர். தனியே பயிரிட்ட பசை நெல்லைக் காட்டிலும் இதில் நோயின் கடுமை 94 சதவிகிதம் குறைந்தது. விளைச்சல் 89 சதவிகிதம் மிகுந்தது. இரண்டாம் ஆண்டின் முடிவில் குலை நோய்க்கு மருந்து தெளிப்பதே கைவிடப்பட்டது.

வியாபாரிகள் கலப்பில்லாத நெல்லையே விரும்புவர் என்று ஆட்சேபிக்கலாம். அந்த ஆட்சேபம் நியாயமே. ஆயினும் ஒரே வயலில் கலந்து நடாவிடினும், கிராமத்தின் நிலத்தை இரண்டு மூன்று ரகங்களுக்குப் பகிர்ந்துகொள்வதில் தடை யாதுமில்லை. அதனால் ஒரு ரகம் கைவிடினும் ஊர் முழுவதும் நஷ்டமடையாது. ரகங்களின் பெயர் வேறாயிருந்தால் மட்டும் போதாது. அவற்றின் எதிர்ப்புக் காரணியும் வேறாயிருத்தல் வேண்டும். இதனை விதை வாங்குமுன் விவசாய அதிகாரியிடம் கேட்டறிவது நிலமுடையோரின் கடமை. எந்த ரகம் எத்தனை ஏக்கரில் பயிராகப்போகின்றது என்பதை நாற்றுவிடுமுன் ஊர்க் கூட்டத்தில் தீர்மானிக்கச் செய்வது கிராம அதிகாரிகளின் கடமை. நோய் கண்ட பின்னர்க் கூடும் கூட்டத்தால் பயனில்லை.